'சாபவிமோசன'த்தில் கதைப்பின்னலும் அறிதலின் வரிசையும்

காலவரிசையில் அடுக்கப்படுவது கதை, காரணத்தால் பிணைக்கப்படுவது கதைப்பின்னல் என்று ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் வகுத்த வேறுபாடு, புனைகதையின் கூறுகளைப் பயிற்றும் வகுப்பறைகளில் இன்றும் ஒப்பிக்கப்படுகிறது. நிகழ்ச்சிகளையும் காரணங்களையும் வாசகர் முன்பே அறிந்திருக்கும் கதையில் பின்னல் எங்கே இருக்கிறது? இவ்வினாவை ஆராயப் புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' (1943) மிகவும் ஏற்றது.

வால்மீகியின் அகலிகை கல்லாவதில்லை. எவர் கண்ணுக்கும் புலப்படாமல் சாம்பலில் கிடக்கிறாள். கல்லுருவைத் தமிழ் வாசகர் கம்பர் வழி அறிவர்; புதுமைப்பித்தன் அதையே எடுத்துக்கொள்கிறார். சீதையின் தீக்குளிப்பும் வாசகருக்குப் புதிதன்று. அதை அறியாதவள் அகலிகை ஒருத்தியே. கதைப்பின்னல் அவளது அறியாமையின்மேல் எழுப்பப்பட்டுள்ளது.

இராமன் வனம் சென்றபின் கோதமனும் அகலிகையும் மேற்கொள்ளும் யாத்திரை, மேலோட்டமான வாசிப்பில் தளர்வாகத் தோன்றக்கூடும். பதினான்கு ஆண்டுகளை அப்பகுதி விரைந்து கடக்கிறது; போர்க்களம் கதைக்குள் வருவதே இல்லை. ஆனால் அத்தளர்வு இன்றியமையாதது. தீக்குளிப்பு நேரே காட்டப்பட்டிருந்தால் அது இராமாயணத்தின் மற்றொரு காட்சியாக முடிந்திருக்கும். இங்கோ அது சீதையின் வாய்மொழியாக, இரு பெண்களின் தனியுரையாடலில் வெளிப்படுகிறது. சீதையின் குரலில் கசப்பில்லை. உலகுக்கு மெய்ப்பித்தாக வேண்டும் என்று சொல்லி மெல்லச் சிரிக்கவும் செய்கிறாள். கொதிப்பவள் கேட்டவளே. தனக்கு ஒரு நீதி, தன்னை மீட்டவனுக்கு ஒரு நீதியா என்ற அவளது அதிர்ச்சி, நிகழ்ச்சியால் அன்று, அதை அறியும் கணத்தால் விளைகிறது. பெண்ணிய மறுவாசிப்பு என்ற பொதுப்பெயர் இக்கதைக்குப் பொருந்தாததன்று. எனினும், கருத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பாராட்டுவோர் இந்த வரிசையமைப்பைக் காணத் தவறுகின்றனர்.

நோக்குநிலையும் இதனோடு பிணைந்ததே. இறுதியில் தழுவும் கோதமன் அவளுக்கு இந்திர வேடமாகத் தோன்றுகிறான். அவள் மீண்டும் கல்லாகிறாள். அவ்விடத்தில் நிம்மதியைக் குறிக்கும் வியப்புச்சொல் ஒன்று வருகிறது. அது கதைசொல்லியின் கூற்றா, அகலிகையின் நெஞ்சில் எழுந்ததா என்பதைப் புதுமைப்பித்தன் குறிக்கவில்லை. கதைசொல்லியின் கூற்றாயின் அதில் எள்ளல் உண்டு. அகலிகையுடையதாயின், முன்னர்ச் சாபமாக வந்த கல்லுருவை இம்முறை அவளே விரும்பி ஏற்கிறாள். கதையின் தலைப்பு எந்த விமோசனத்தைச் சுட்டுகிறது என்பது அச்சொல்லை யாருடையதாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது.