கொத்தனாரின் கிதார்

ஜோசப் ஸ்பென்ஸின் கிதார் வாசிப்பை முதன்முறை கேட்பவர்கள், இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். 1958இல் பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போன இசை ஆய்வாளர் சாம் சார்ட்டர்ஸே சந்தேகப்பட்டு இன்னொரு கிதார்க்காரரைத் தேடியிருக்கிறார். அங்கே யாரும் இல்லை. வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களுக்காக ஸ்பென்ஸ் ஒற்றை ஆளாய் வாசித்துக்கொண்டிருந்தார்.

1910இல் அதே தீவில் பிறந்தவர். கடற்பஞ்சு எடுத்தார், கொத்து வேலை பார்த்தார்.

அவருடைய சூட்சுமம் கட்டைவிரலில் இருக்கிறது. தடித்த ஆறாவது தந்தியை ஒரு முழுச் சுரம் இறக்கிச் சுருதி சேர்ப்பார். அடித்தந்திகளில் கட்டைவிரல் விடாமல் நடை போடும். மேலே மற்ற விரல்கள் மெட்டைப் பிய்த்து, தாளத்துக்கு முன்னும் பின்னும் இழுத்து விளையாடும். காலும் சும்மா இருக்காது, தரையில் தட்டிக்கொண்டே இருக்கும்.

குரலோ கரகரவென்ற உறுமல். பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு, மீதியை முனகி, நடுவில் ஒரு சிரிப்பு. சாண்டா கிளாஸ் வருகிறார் என்ற கிறிஸ்துமஸ் பாட்டை அவர் பாடிக் கேட்டால், வருவது யாரென்றே பிடிபடாது! சுத்தமான உச்சரிப்பை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது. எனக்கு அந்தச் சிரிப்புக்காகவே திரும்பக் கேட்கத் தோன்றும்.

இசைக்கலைஞர்கள் ரை கூடரும் தாஜ் மஹாலும் அவரிடம் நிறைய எடுத்துக்கொண்டவர்கள். ஸ்பென்ஸ் 1984இல் பஹாமாஸின் நாசோ நகரில் காலமானார். கிதார் பழகுகிறவர்கள் இன்றும் அந்தக் கட்டைவிரலோடு மல்லுக்கட்டுகிறார்கள்.