சுவருக்குள் ஓடும் கம்பி

"நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது, சாமி?" பங்கு மக்களில் ஒருவர் அண்மையில் என்னிடம் இவ்வாறு கேட்டார். துணிக்கடையில் பணம் செலுத்தும்போது கைப்பேசி எண்ணையும் பிறந்த நாளையும் திருமண நாளையும் கேட்டிருக்கிறார்கள். அவரும் தயங்காமல் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எதற்குக் கொடுத்தீர்கள் என்று நான் வினவியபோது வந்த மறுமொழிதான் அது. அதில் கள்ளமில்லை, நேர்மையாக வாழும் மனிதரின் பெருமிதமே ஒலித்தது. ஆயினும் அவருக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. முன்பே பார்த்திருந்த ஜெர்மானியத் திரைப்படம் ஒன்றை மீண்டும் பார்த்தபோது விடையின் ஒரு பகுதி கிடைத்தது. மறுபகுதி, நான் செய்த பிழையொன்றிலிருந்து கிடைத்தது. இரண்டையும் வாசகர்முன் வைக்க விழைகிறேன்.

2006-ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தின் பெயரைத் தமிழில் 'பிறருடைய வாழ்வு' எனலாம். புளோரியன் ஹென்கல் ஃபான் டோனர்ஸ்மார்க் இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. 2007-இல் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. கதை 1984-இல் கிழக்கு பெர்லினில் தொடங்குகிறது. ஸ்டாசி எனப்பட்ட அரசுப் பாதுகாப்புத் துறையின் அதிகாரி வீஸ்லர், நாடகாசிரியர் டிரேமனின் வீட்டை ஒட்டுக்கேட்கப் பணிக்கப்படுகிறார். டிரேமன் இல்லாத வேளையில் ஆள்கள் நுழைகிறார்கள். சுவர்த்தாளுக்குப் பின்னால் கம்பிகள் ஓடுகின்றன. பரண்மேல் காதொலிக் கருவியுடன் வீஸ்லர் அமர்கிறார். எதிர்வீட்டுப் பெண்மணி இதனைக் கதவுத் துளை வழியாகக் கண்டுவிடுகிறார். வெளியே சொன்னால் உன் மகளின் மருத்துவப் படிப்பு பறிபோகும் என்று ஒரே வாக்கியத்தில் அவர் வாய் அடைக்கப்படுகிறது.

இப்படத்தின் தலைசிறந்த நுட்பம், டிரேமனை அரசின் நண்பராகப் படைத்ததில் உள்ளது. அவர் கலகக்காரர் அல்லர். அரசு மதிக்கும் எழுத்தாளர். அவரிடம் மறைக்க ஏதுமில்லை. பின் ஏன் கண்காணிப்பு? அவருடன் வாழும் நடிகை கிறிஸ்டா-மரியாமீது அமைச்சர் ஒருவருக்கு இச்சை. இடையூறாக நிற்கும் மனிதனை அகற்ற ஒரு குற்றம் தேவைப்படுகிறது; அதனைத் தேடவே கம்பிகள் பதிக்கப்படுகின்றன. என் பங்கு நண்பரின் கேள்விக்கான முதல் விடை இதுவே. நாம் கண்காணிக்கப்படுவதற்கான காரணம் எப்போதும் நம்மிடத்தில் இருப்பதில்லை. பார்ப்பவரின் நெஞ்சில் இருக்கிறது. நமது நேர்மை அவருடைய இச்சைக்கு அணையாகாது. நேற்று நாம் கள்ளமின்றிக் கொடுத்த செய்தியை நாளை எவர், எந்நோக்கத்துடன் எடுத்துப் பார்ப்பார் என்பது நம் கையில் இல்லை.

பணிமுடக்கப்பட்ட இயக்குநர் ஒருவர் தற்கொலை செய்துகொண்ட செய்தி கேட்டு டிரேமன் பியானோ வாசிக்க, பரண்மேல் வீஸ்லரின் கண்கள் நனைகின்றன. அதன்பின் அவர் பொய்யறிக்கை எழுதி டிரேமனைக் காக்கத் தொடங்குகிறார். மின்தூக்கியில் ஒரு சிறுவன், ஸ்டாசிக்காரர்கள் கெட்டவர்கள் என்று தன் தந்தை கூறியதை வெள்ளந்தியாகச் சொல்கிறான். தந்தையின் பெயரைக் கேட்கும் பழக்கத்தில் வாயெடுத்த வீஸ்லர், பாதியில் நிறுத்தி, அவனுடைய பந்தின் பெயரைக் கேட்கிறார். ஒரு மனிதனின் மனமாற்றத்தை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய காட்சிகள் திரைக்கலையில் அரியவை. வீஸ்லராக நடித்த உல்ரிக் மூஹே அளந்து பேசும் முகத்தாலேயே அதனைச் சாதித்திருக்கிறார்.

ஆயினும் இப்படம் நம்மை எளிதில் ஆறுதற்படுத்திவிடுகிறது என்பதே என் குறை. ஸ்டாசியின் சிறை இருந்த ஹோகன்ஷான்ஹவுசனில் இன்று நினைவகம் உள்ளது. அதன் அந்நாளைய இயக்குநர் ஹூபர்ட்டஸ் குனாபே அங்குப் படம்பிடிக்க இசைவு தர மறுத்தார். ஸ்டாசி அதிகாரி ஒருவரை வீரராக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது என்பது அவர் வாதம். மனமாற்றத்தில் நம்பிக்கையுள்ள எனக்குக் கற்பனையில் வீஸ்லர் ஒருவர் தோன்றுவதில் மறுப்பில்லை. என்னை உறுத்துவது வேறு. 1989-இல் ஸ்டாசியில் ஏறத்தாழ 91,000 முழுநேர ஊழியர் இருந்தனர். அவர்களைவிட மிகுதியாக, 1,70,000-க்கும் மேற்பட்டோர் மறைமுகத் தகவலாளர்களாக இருந்தனர். நண்பர், உடன்பணியாளர், சில குடும்பங்களில் வாழ்க்கைத்துணை. அந்தக் கம்பி உண்மையில் மக்களின் நாவு வழியாகவே ஓடியது. படமோ பழியைப் பெரிதும் அமைச்சர்மீதும் அதிகாரிகள்மீதும் சுமத்தி, சமூகத்தை விடுவித்துவிடுகிறது.

மற்றொரு குறை, கிறிஸ்டா-மரியாவைப் பற்றியது. அவருடைய மாத்திரைப் பழக்கம் அதிகாரிகளுக்குத் தெரிந்துவிடுகிறது. அதை வைத்தே அவரை உடைக்கிறார்கள். காட்டிக்கொடுத்த துயரில் அவர் சுமையுந்தின்முன் ஓடி இறக்கிறார். ஒருவருடைய உடல்நலச் செய்தி பிறர் கையில் எத்தகைய விலங்காகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. ஆனால் படத்தின் இறுதிப் பகுதி இரு ஆடவரின் மீட்பையே பாடுகிறது. மிகுந்த விலை கொடுத்தவள் கதையின் ஓரத்தில் விடப்படுகிறாள்.

இனி ஒன்று, காலத்தால் நேர்ந்தது. வீஸ்லருக்குக் காது இருந்தது; அதனால் இசை நுழைந்தது; மனம் திரும்பியது. இன்று நம் கைப்பேசி நாம் சென்ற இடங்களையும் தேடிய மருந்துகளையும் குறித்துக்கொள்ளும்போது பரண்மேல் எவரும் இல்லை. கணிப்பொறி இசை கேட்டு அழாது; பொய்யறிக்கை எழுதி நம்மைக் காக்காது. பரணுக்குள் எவரும் திருட்டுத்தனமாக நுழையவும் தேவையில்லை. விதிமுறைகளை வாசிக்காமலே 'ஏற்கிறேன்' என்று தொட்டு, கம்பியை நாமே பதித்துக்கொள்கிறோம்.

துன்பம் ஒரு நாட்டுக்குப் பாடம் கற்பிக்கும் என்பதற்கு ஜெர்மனி சான்று. ஹெஸ்ஸ மாநிலம் 1970-லேயே தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. உலகில் அதுவே முதலாவது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குறித்து 1983-இல் எழுந்த வழக்கில், தன்னைப் பற்றிய செய்திகளை எவரிடம், எவ்வளவு வெளியிடுவது என்று முடிவு செய்யும் உரிமை தனிமனிதருக்கே உரியது என்று மேற்கு ஜெர்மனியின் அரசியற்சட்ட நீதிமன்றம் அறிவித்தது. இணைப்புக்குப் பின், 1991-இல் நிறைவேறிய சட்டத்தால், 111 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்டாசி ஆவணங்களில் தம் கோப்பைக் காணும் உரிமை குடிமக்களுக்குக் கிடைத்தது. டிரேமன் தம் கோப்பை வாசிக்கும் காட்சி அவ்வுரிமையின் பயனே.

நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. உணர்வு இன்னும் வரவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த ஆதார் வழக்கில், தனியுரிமை என ஓர் அடிப்படை உரிமை அரசியற்சட்டத்தில் இல்லை என்று ஒன்றிய அரசே வாதிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவ்வுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தனர். 2023-இல் தனிநபர் எண்மத் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. தன்னைப் பற்றி என்ன சேர்த்து வைத்துள்ளனர் என்று கேட்கவும், திருத்தவும், அழிக்கச் செய்யவும் அது குடிமகனுக்கு வழி தருகிறது. அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ளவும் இடம் வைத்திருக்கிறது. திருச்சபையும் இதில் மௌனமாக இருந்ததில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் தனிவாழ்வின் பாதுகாப்பை மனித உரிமைகளுள் ஒன்றாக எண்ணியது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 220-ஆம் பிரிவு அதனைக் காக்கிறது. ஒப்புரவு அருட்சாதன முத்திரையைச் சுமக்கும் குருவுக்கு இது புதிதாகச் சொல்லவேண்டிய ஒன்றன்று. அப்படித்தான் நானும் எண்ணியிருந்தேன்.

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவின்போது எங்கள் பங்கில் சில குடும்பங்களுக்கு அரிசியும் துணியும் கொடுத்தோம். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்ற நல்லெண்ணத்தில், அன்பியப் பொறுப்பாளர்கள் தொகுத்த பட்டியலை நான் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் இட்டேன். பெயருக்கு எதிரே 'காரணம்' என்றொரு கட்டம் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கணவரின் குடி, மகளின் மணமுறிவு, கடன் என அனைத்தும் அதில் இருந்தன. மறுநாள் காலை ஒரு தாய் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். "இது வேண்டாம் சாமி. எங்க வீட்டுக் கஷ்டம் உங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்னுதான் சொன்னேன்" என்றார். பட்டியலை அழித்தேன், அதற்குள் அது பல கைகளுக்குப் போய்விட்டிருந்தது. கம்பியைப் பதித்தவன் இம்முறை நானே.

அத்தாயிடமும் குற்றமென மறைக்க ஒன்றுமில்லை. யாரிடம் சொல்வது என்று அவர் தேர்ந்திருந்தார். அத்தேர்வை நான் பறித்துவிட்டேன். தனியுரிமை என்பது அத்தேர்வுதான். 'அந்தரங்கம்' என்ற பழஞ்சொல் நம் காதுகளில் வெட்கத்துக்குரியது போல் ஒலிப்பதால், அதைக் கேட்பவரிடம் ஏதோ ஒளிந்திருப்பதாக நாம் ஐயுறுகிறோம். ஆனால் நம் தமிழ் மரபு இதனை அறியாததன்று. அகத்திணைப் பாடலில் வரும் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. உள்ளத்தின் ஆழத்தை உலகறியப் பாடலாம். எவருடைய உள்ளம் என்று சொல்லலாகாது. அப்பெயரில்லாமை அன்பின் மரியாதை.

படத்தின் இறுதிக் காட்சியும் இம்மரியாதையில்தான் முடிகிறது. தம்மைக் காத்தவரைத் தேடிக் கண்ட டிரேமன், அவரை அணுகாமல் திரும்பிவிடுகிறார். ஈராண்டுகள் கழித்து வெளியிட்ட நூலை அவருக்குக் காணிக்கையாக்குகிறார். அங்கே பெயர் இல்லை, கோப்பிலிருந்த குறியீட்டு எண் மட்டுமே உள்ளது. உரியவர் அறிந்துகொள்கிறார், மற்றவர் அறியத் தேவையில்லை. நான் சுட்டிய குறைகள் அனைத்துக்கும் அப்பால் இப்படத்தை உயர்த்துவது இக்காட்சியே.

இப்போது எங்கள் பங்கில் உதவி பெறுவோர் பட்டியல் எண்களால் மட்டுமே அமைகிறது. குழுவில் மொத்தத் தொகையை மட்டும் அறிவிக்கிறோம். துணிக்கடை நண்பருக்கும் விடை சொல்லிவிட்டேன்: மறைக்க ஏதுமில்லாதவருக்கும் சொல்லாதிருக்க உரிமையுண்டு. அத்தாய் ஞாயிறுதோறும் பூசைக்கு வருகிறார். அரிசிப் பையை மட்டும் இன்னும் பெற்றுக்கொள்ளவில்லை.