ஓய்வூதியச் சீட்டில் ஒரு வம்சம்

அயர்லாந்தின் உள்ளூர் வரலாற்றாளர்கள் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களை அருகருகே வைத்துப் படிப்பார்கள். முன்னதில் 56 வயது என்றிருக்கும் குடியானவருக்குப் பின்னதில் 71 ஆகியிருக்கும். பத்தாண்டில் பதினைந்து வயது! பிழை என்று நாம் தாண்டிப் போகும் இடத்தில்தான் அவர்கள் கண் நிற்கிறது. இடையில் 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. எழுபது நிறைந்த ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கிடைத்தது. கூடிய வயதுக்குள் ஒரு வீட்டின் பசி தெரிகிறது.

வயதை எப்படி மெய்ப்பிப்பது? எல்லாப் பிறப்புகளையும் அரசு பதியத் தொடங்கியதே 1864இல்தான். ஆகவே 1841, 1851 கணக்கெடுப்பு ஏடுகளில் குழந்தையாகத் தம் பெயர் இருக்கிறதா என்று தேடச் சொல்லி முதியவர்கள் டப்ளினுக்கு விண்ணப்பித்தார்கள். பெற்றோர் பெயர், அன்று குடியிருந்த இடம் எல்லாம் சொன்னார்கள். எழுத்தர் ஏட்டைப் புரட்டி, கண்டதைச் சீட்டில் குறித்தார்.

1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. அந்த ஏடுகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று, சீட்டுகள் பிழைத்தன. ஐந்து ஷில்லிங்குக்காக எழுதப்பட்ட வரிகளே இன்று பல குடும்பங்களுக்கு மூல ஏடு.

அவற்றை வாசிக்கும் நுட்பம்தான் எத்தனை அழகு! ‘கிடைக்கவில்லை’ என்று முடிந்த சீட்டையும் தேர்ந்தவர் ஒதுக்குவதில்லை. அரசு ஏட்டில் பெயர் இல்லாவிட்டாலும், தம் பிள்ளைப்பருவத்து வீட்டைப் பற்றி அந்த முதியவர் சொன்னது அதில் இருக்கிறதே! அவர் சொன்ன இடம் பெரும்பாலும் ஒரு ‘டவுன்லாந்து’. சில வயல்களும் சில வீடுகளுமாக முடிந்துவிடக்கூடிய சிறு நிலப்பிரிவு. நாட்டில் அறுபதாயிரத்துக்கும் மேல் உண்டு. ஒரே பெயர் பல மாவட்டங்களில் வரும். எந்த மேடு, எந்தத் திருச்சபைப் பங்கு என்று அறிந்த உள்ளூர்க்காரர்தான் சரியான வயலில் கொண்டுபோய் நிறுத்துவார். அங்கிருந்து 1847–1864 காலத்து கிரிஃபித் நில மதிப்பீட்டைத் திறந்தால், அந்த நிலத்தை யார் யாரிடம் குத்தகைக்குப் பிடித்திருந்தார் என்பது வரைபட எண்ணோடு கிடைக்கும்.

எல்லாவற்றிலும் நான் மிகவும் ரசிப்பது, பல சீட்டுகளில் தாயின் பெயரோடு வரும் அவள் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரை. நில ஏடுகள் பெரும்பாலும் ஆண்களின் பெயரையே சுமக்கின்றன. பிள்ளை முதுமையிலும் மறவாமல் சொன்ன அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு, வரலாற்றாளர் இன்னொரு வம்சத்தையே தேடத் தொடங்கிவிடுகிறார்.