பிறந்த வெள்ளமும் சேர்ந்த வெள்ளமும்: 'பேக்வாட்டர் புளூஸ்' பாடலின் தோற்றம்

பேரிடர் குறித்த பாடலொன்றின் காலத்தைக் கணிக்க முற்படுவோர், மக்கள் நினைவில் அப்பாடல் எந்தப் பேரிடரோடு இணைந்துள்ளதோ அதனையே அதன் பிறப்புக்குக் காரணமாகக் கொள்வதுண்டு. இம்முறை எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்னும் வினாவை, அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் மரபைச் சார்ந்த 'பேக்வாட்டர் புளூஸ்' என்னும் பாடலை முன்வைத்து இங்கு ஆராய்கிறோம். பெஸ்ஸி ஸ்மித் இயற்றிப் பாடிய இப்பாடல், பின்னர்ப் பலராலும் பாடப்பெற்று நாட்டார் பாடல் மரபிலும் இடம்பெற்றது.

இப்பாடல் 1927ஆம் ஆண்டின் மிசிசிப்பிப் பெருவெள்ளத்தைப் பாடுவதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 21ஆம் நாள் மவுண்ட்ஸ் லேண்டிங் என்னுமிடத்தில் ஆற்றின் கரையணை உடைந்தது. அப்பெருவெள்ளத்தில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழிடம் இழந்தனர். ஆயினும் இப்பாடல் நியூயார்க்கில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட நாள் 1927 பிப்ரவரி 17 ஆகும். அதாவது, உடைப்புக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே பாடல் பிறந்துவிட்டது.

பாடலின் அகச்சான்றுகளும் இதற்கு அரண் செய்கின்றன. ஐந்து நாள் மழை, தாழ்நிலத்தில் புகுந்த நீர், ஏற்றிச்செல்ல வந்த படகு, குன்றின்மேல் நின்று தன் வீட்டை நோக்கும் பெண் ஆகியன பாடலில் உள்ளன. ஊரின் பெயரோ ஆற்றின் பெயரோ கரையணையோ அதில் இல்லை. மாறாக, மிசிசிப்பி வெள்ளத்தைப் பாடிய சார்லி பாட்டனின் 1929ஆம் ஆண்டுப் பாடலில் கிரீன்வில் முதலிய ஊர்கள் பெயர் சுட்டப்படுகின்றன. அதே ஆண்டில் கான்சாஸ் ஜோ மெக்காயும் மெம்பிஸ் மின்னியும் பதிவுசெய்த பாடலோ கரையணை உடைப்பையே பொருளாகக் கொண்டது. தலைப்பிலுள்ள 'பேக்வாட்டர்' என்பதைக் காயல், உப்பங்கழி எனப் பெயர்ப்பதும் பொருந்தாது. பேராறு பெருகும்போது கிளையாறுகளிலும் ஓடைகளிலும் பின்னோக்கி ஏறித் தாழ்ந்த குடியிருப்புகளை மூழ்கடிக்கும் நீரையே அச்சொல் இங்குக் குறிக்கிறது.

எனின், எந்த வெள்ளம்? டேவிட் எவன்ஸ் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 1926 கிறிஸ்துமஸ் காலத்தில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் கம்பர்லாந்து ஆறு பெருக்கெடுத்த நிகழ்வைச் சுட்டுகிறது. பெஸ்ஸியுடன் பயணம் செய்த அவருடைய சகோதரரின் மனைவி மாட் ஸ்மித்தின் நினைவுகூரல், கிறிஸ் ஆல்பர்ட்சன் 1972இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. வெள்ளம் சூழ்ந்த ஓர் ஊரில் குழுவினர் படகில் ஏறியே தங்குமிடம் சேர்ந்தனர்; அங்கிருந்தோர் வெள்ளம் பற்றிய பாடலைப் பாடுமாறு வேண்டினர்; அப்படியொரு பாடல் அறியாத பெஸ்ஸி, வீடு திரும்பியபின் அதனை இயற்றினார் என்பது அவர் கூற்றின் சாரம்.

கம்பர்லாந்து ஓஹையோவில் கலப்பதும், ஓஹையோ மிசிசிப்பியில் கலப்பதும் உண்மையாதலின், இரண்டும் ஒரே பெருவெள்ளத்தின் கூறுகள்தாமே எனச் சிலர் வாதிடக்கூடும். நீரியல் நோக்கில் அது ஏற்கத்தக்கதே. ஆனால் பாடலின் தோற்றத்தை ஆய்பவருக்கு அது போதுமான விடையாகாது. பெரிய பேரிடரின் பெயரால் சிறிய பேரிடரை அழைக்கும்போது, பாடலைக் கேட்டு வாங்கிய நாஷ்வில் மக்களின் துயரம் வரலாற்றிலிருந்தே மறைந்துவிடுகிறது. எவன்ஸின் ஆய்வு அம்மக்களுக்கு அவர்களது பாடலை மீட்டுத் தந்தது என்பதே அதன் தலையாய பயன் எனக் கருதுகிறோம்.

அதேவேளை, மிசிசிப்பியோடு இணைத்துக் கேட்டோரைப் பிழைபட்டவர் எனத் தள்ளுவதும் முறையன்று. ஊர்ப்பெயர் இல்லாமையே இப்பாடலைப் பிற வெள்ளங்களுக்கும் உரியதாக்கியது. 1927 வேனிலில் வீடிழந்த ஒருவர் இதனைத் தம் கதையாகக் கேட்டிருப்பின், அதுவும் இப்பாடலின் வரலாறேயாகும். மேலும், மாட் ஸ்மித்தின் கூற்றை ஏற்பின், பாடலுக்கான தூண்டுதல் பாடகரிடமன்றிக் கேட்போரிடமே தோன்றியது என்பதும் நோக்கத்தக்கது.

எனவே, பேரிடர்ப் பாடல்களைத் தொகுப்போரும் வகுப்பறையில் கற்பிப்போரும் இரு வினாக்களைத் தனித்தனியே எழுப்புதல் வேண்டும். பாடல் எப்போது, எவர் வேண்டுதலால் பிறந்தது என்பது ஒன்று. பின்னர் எந்தத் துயரத்தோடு, எவ்வாறு சேர்ந்தது என்பது மற்றொன்று. முன்னதற்கு ஒலிப்பதிவு நாள், பயண நிரல், செய்தித்தாள் முதலியன சான்றாகும். பின்னதற்குக் கேட்டோரின் நினைவே சான்று. ஒன்றின் சான்றைக் கொண்டு மற்றொன்றுக்கு விடை கூறுவதைத் தவிர்த்தல் வேண்டும்.