ராஜாவின் இரண்டாம் தீபாவளி

‘கல்யாணப் பரிசு’ படத்தின் தீபாவளிப் பாட்டில் பி. சுசீலா பாடிய சந்தோஷ வடிவம் உயர்ந்ததா, ஏ. எம். ராஜா பாடிய சோக வடிவம் உயர்ந்ததா என்று பினாங்கின் பாகான் டாலாமில் பேச்செடுத்தால், சபை உடனே இரண்டாகப் பிரிந்துவிடும். பெரும்பான்மை சுசீலா பக்கம். பண்டிகைக் காலையில் ஒலிபெருக்கி கட்டிய வீடுகள் அனைத்தும் அப்பக்கமே நிற்கும். நான் நெடுங்காலமாகச் சிறுபான்மையைச் சேர்ந்தவன்.

படம் 1959இல் வந்தது. ஆயினும் அதன் பாட்டுகளின் ஆட்சி அறுபதுகளின் முற்பகுதி முழுவதும் இக்கரையில் நீடித்தது. இசையமைத்தவரும் ராஜாவே என்பதுதான் இங்கே விசேஷம். தன் மெட்டுக்கு வாத்தியங்களின் ஜொலிப்பையெல்லாம் சூட்டிச் சுசீலாவிடம் கொடுத்துவிட்டு, அதே மெட்டை ஆபரணங்கள் களைந்த கோலத்தில் தமக்கென வைத்துக்கொண்ட அந்த மனிதர், காதலை இழந்தவனுக்காகப் பாட வந்தபோதும் விம்மவில்லை, தேம்பவில்லை. அந்த மெல்லிய சாரீரத்தைச் சற்றே தாழ்த்தி, அடியின் முடிவில் ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தாமல் நழுவவிட்டு, பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்டுவிடலாகாது என்பதுபோல் பாடிச் செல்கிறார். துக்கத்தைப் பாடகரே அழுது தீர்த்துவிட்டால் கேட்பவனுக்கு என்ன மிச்சம்?

டி. எம். சௌந்தரராஜனின் பக்தர்களுக்கு இந்த வாதம் ரசிக்காது. ‘பாசமலர்’, ‘பாவமன்னிப்பு’ என்று 1961ஆம் ஆண்டை எடுத்து நம்முன் வைப்பார்கள். அந்தக் கம்பீரத்தை நானும் வணங்குகிறேன். ஆனால் சிவாஜியின் முகத்துக்குப் பொருந்திய அந்தக் குரலை, ‘கல்யாணப் பரிசு’ நாயகன் ஜெமினியின் தயங்கிய நடைக்கு மாட்டிப் பார்க்க என் மனம் ஒப்பவில்லை.

படத்தின் இயக்குநர் ஸ்ரீதர் இதே கதையை 1960இல் தெலுங்கில் ‘பெள்ளி கானுக’ என்று எடுத்தபோது ராஜாவே இசையமைத்தார். சைக்கிள் மணியோடு வரும் அந்த ஜோடிப் பாட்டின் மெட்டு, பாஷை மாறியும், அதே ராஜா, அதே சுசீலா குரல்களில் குலையாமல் போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டு ஹிந்தியில் ‘நஸ்ரானா’. அங்கே ரவி வேறு மெட்டுகளைப் போட்டார். ராஜ் கபூருக்காக முகேஷ் தீபாவளிச் சோகத்தைப் பாடினார். அக்காலத்தில் பெரி ஏறி அக்கரையிலுள்ள தீவுக்குச் சென்று, ஹிந்திப் படம் பார்த்துத் திரும்பும் வழக்கமுள்ளவர்கள் எங்களிடையே சிலர் இருந்தார்கள். முகேஷைச் சொல்லி எங்களை மட்டம் தட்டுவதில் அவர்களுக்கு ஓர் ஆனந்தம். முகேஷ் பாட்டு அருமையானது, மறுக்கவில்லை. எனினும் முகேஷ் வாய் திறந்தவுடனேயே துயரம் முழுவதும் தெரிந்துவிடுகிறது. ராஜாவிடமோ, பாட்டு ஓய்ந்து நெடுநேரம் சென்ற பின்னரே அது வந்து சேர்கிறது.

இன்றைய கல்யாண மண்டபங்களில் இந்தப் பாட்டு படும் பாட்டை என்னவென்று சொல்வது! முன்பு ஆர்மோனியம், அக்கார்டியன், தபலா என்று மூன்று பேர் உட்கார்ந்து, சுருதி தப்பினாலும் தாங்களே வாசித்துப் பாடினார்கள். இப்போது கரோக்கேயில் வாத்தியமெல்லாம் ஆயத்தமாக வந்துவிடுகிறது; பாடவருபவருக்குச் செய்ய எஞ்சியிருப்பது பாடுவது ஒன்றுதான், அதையும் எதிரொலிக் கருவியிடம் ஒப்படைத்துவிடுகிறார். சென்ற ஆண்டு ஒரு விருந்தில் ராஜாவின் வடிவத்தைத் துணிந்து எடுத்த இளைஞர் ஒருவர், முதலடியிலேயே குரலை உடைத்து, இரண்டாம் அடியில் கண்ணைத் துடைத்து, சரணத்துக்கு வருமுன் கைதட்டலும் வாங்கிவிட்டார். பக்கத்திலிருந்த என் மைத்துனர், சுசீலா கட்சிக்காரர், என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு நான் பதில் சொல்லவில்லை, பிரியாணி வந்துவிட்டது.