நடுவர் இல்லாத பூப்போட்டி

மாசி மாதத்துக் கடைசி ஞாயிறு நெருங்கினால் திருச்சியில் சாமந்தியும் சம்பங்கியும் கைக்கு எட்டாத விலைக்குப் போய்விடும். சமயபுரத்தில் அன்றுதான் பூச்சொரிதல் தொடக்கம். உலக நலனுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி இருக்கிறாள். துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், இவ்வளவுதான் அந்த நாட்களின் நைவேத்தியம். பட்டினி கிடப்பவளைக் குளிர்விக்க ஊர் பூவைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது. கோயில் சார்பில் யானைமேல் பூக்கூடை வரும். பிறகு தெருவுக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று என்று அலங்கரித்த வண்டிகள் விடிய விடிய வந்தபடி இருக்கும்.

பூவுக்குப் போட்டி என்றால் நினைவுக்கு வருவது 1896-இல் தொடங்கிய ஊட்டி மலர்க்காட்சி. தொட்டிச்செடி, கொய்மலர், மலர் அலங்காரம் என்று பிரித்து வைத்து, நடுவர்கள் சுற்றிவந்து பார்த்துக் கோப்பை கொடுப்பது அந்த மரபு. சமயபுரம் சாலையில் கோப்பையும் இல்லை, நடுவரும் இல்லை. ஆனால் போன வருஷம் எந்தத் தெருக்காரர்களின் வண்டி எடுப்பாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடையில் உடனே பதில் வரும். அடுத்த தெருக்காரர்களும் அதை மறப்பதில்லை. அதனால் ஆண்டுக்கு ஆண்டு வண்டி பெரிதாகிக்கொண்டே போகிறது.

அந்தப் பெரிதில்தான் எனக்கு மனத்தாங்கல். ஊதாவும் பச்சையுமாக மாறி மாறி எரியும் எல்.இ.டி. விளக்கை மேலே சுற்றிவிட்டால் சம்பங்கியின் வெள்ளை செத்துப்போகிறது. ஸ்பாஞ்சில் குத்திய ஜெர்பரா கல்யாண வரவேற்பு மேடைக்குச் சரி. நான் நல்ல வண்டி என்று சொல்வது வேறு: மஞ்சள் சாமந்தியை இடைவெளி தெரியாமல் அடுக்கி, நடுவே அரளியில் ஒரே ஒரு சிவப்புக் கோடு இழுத்து, ஓரத்துக்கு மரிக்கொழுந்தின் பச்சையைக் கட்டி, அம்மன் முகத்தைச் சுற்றி மட்டும் ஒன்றும் வைக்காமல் விட்டது. அப்படி ஒன்றிரண்டு இன்றும் வருகின்றன. நள்ளிரவு தாண்டி வரும் சின்ன வண்டிகளை விட்டுவிடாதீர்கள்.

சன்னதிக்குள் போனதும் இந்த அலங்காரமெல்லாம் அர்த்தமிழந்துவிடும். அங்கே பூ கொட்டுவதற்குத்தான். கூடையிலும் தட்டிலும் வந்த உதிரிப்பூ குவிகிறது. எந்தத் தெருப் பூ, யார் வீட்டுப் பூ என்பது கலந்துபோகிறது.

கொள்ளிடத்துக்குத் தெற்கே, ஸ்ரீரங்கத்தில், கதை நேர்மாறு. அங்கே பூ கட்டப்பட வேண்டும். தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் விக்கிரகத்தைப் பார்த்தால் தோளில் பூக்குடலை தொங்கும். நந்தவனம் வைத்து அரங்கனுக்கு மாலை கட்டியவர் அவர். அந்தத் தொண்டின் வழியில் மதுரகவி சுவாமி 19-ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்திய நந்தவனம் இன்றும் நடக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளாத தொண்டர்கள் அங்கேயே பூப்பறித்து, அங்கேயே மாலை கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். சாமிக்குப் போகும் பூவை முகர்ந்து பார்க்கக்கூடாது என்பது வைணவர் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த விதி. வாசனையை விட்டுவிட்டுப் பூவை எடை போட வேண்டியிருக்கிறது, கண்ணாலும் விரலாலும் மட்டும். ஸ்ரீரங்கத்துப் பூக்கட்டு இவ்வளவு கறாராக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தைக்கு எட்டரை, கோப்பு பக்கத்துக் கிராமங்களிலிருந்து மல்லியும் முல்லையும் வருகின்றன. விடியற்காலையில் பறித்த மொட்டுதான் சரக்கு. சாயங்காலம் கூந்தலில் அல்லது சன்னதியில் அது விரிய வேண்டும். காலையிலேயே வாய் திறந்த மொட்டு கட்டுவதற்கு முன்பே கிழடு. கட்டுகிறவர் இரண்டு மொட்டை இந்தப் பக்கம், இரண்டை அந்தப் பக்கம் காம்போடு காம்பு சேர்த்து, வாழைநாரை ஒரு சுற்றுச் சுற்றி விரலிலேயே முடிச்சை இறுக்கிவிடுவார். நூல் கெட்டி, மெல்லிய காம்பை அறுத்துவிடும். நார் பட்டையாக இருப்பதால் அறுக்காமல் பிடிக்கிறது, நனைத்து எடுத்ததால் ஈரத்தையும் வைத்துக்கொள்கிறது. வாழைக்கான தேசிய ஆராய்ச்சி மையம் 1993-இல் அமைந்த ஊர் திருச்சி. நாருக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் கடைக்குக் கடை நூல்கண்டு ஏறிவிட்டது.

பூச்சரத்தைச் சோதிக்க நான் பார்ப்பது மூன்று. நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டால் முறுக்கிக்கொள்ளாமல் நேராக விழ வேண்டும்; முறுக்கினால் இறுக்கம் சீராக இல்லை. பூவை விலக்காமல் முடிச்சு கண்ணில் படக்கூடாது. மூன்றாவது முழக்கணக்கு. தளர்த்திக் கட்டினால் அதே பூவில் இரண்டு முழம் மூன்றாகும், வாங்குகிறவர்களுக்கும் நீளம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. கதம்பத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. கனகாம்பரத்துக்கு நிறம் மட்டும்தான், மணம் கிடையாது. மரிக்கொழுந்துக்கு மணம் மட்டும்தான், பூவென்று பார்க்க ஒன்றுமில்லை. இரண்டையும் எந்த இடைவெளியில் மாற்றி மாற்றி வைக்கிறார் என்பதில் கட்டுகிறவரின் கை தெரிந்துவிடும்.

திருச்சிக்குப் பூ விஷயத்தில் பழைய பாடம் ஒன்று வேறு இருக்கிறது. மலைக்கோட்டை ஈசருக்குச் செவ்வந்திநாதர் என்றும் பெயர். சாரமா முனிவர் அவருக்காக வளர்த்த செவ்வந்தி களவு போனது. முறையிட்டும் அரசன் கேட்கவில்லை. ஈசர் உறையூர்ப் பக்கம் திரும்பிப் பார்க்க, அந்த நகரம் மண்மாரியில் மூடிப்போனதாகச் செவ்வந்திப் புராணம் சொல்கிறது. பூத்திருட்டுக்கு ஒரு தலைநகரையே விலையாகக் கொடுத்த தலபுராணம் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை.

மலர்க்காட்சிகளின் விதியெல்லாம் ஜாடிக்கு எழுதியது: காம்பு நீளம், இலையின் பளபளப்பு, ஒரே மாதிரியான இதழ். அந்த அளவுகோலில் நம் மல்லிகைக்கு இடமே இல்லை. அது நீளக் காம்பு இல்லாமல் கிள்ளப்படும் பூ. ஆகவே திருச்சியில் மலர்க்காட்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தொட்டிச்செடியும் ஜாடி அலங்காரமும் இருக்கட்டும். பக்கத்திலேயே தொடுத்த பூவுக்கு என்று ஒரு பிரிவு வையுங்கள். வாழைநார் கட்டாயம், நூல் கூடாது. சரம், கதம்பம், மாலை மூன்றுக்கும் தனித்தனிப் பரிசு கொடுங்கள். நடுவர்களைத் தேடி வெளியூர் போக வேண்டாம். சாத்தார வீதியில் முப்பது வருஷம் பூக்கட்டிய பெண்களை உட்கார வைத்தால் போதும்.