ஞாயிற்றுக்கிழமை மாவு

வாரத்துக்கான சமையல் திட்டத்தைத் தாளில் எழுதி ஒட்டாத வீடுகளிலும் ஒரு திட்டம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஃப்ரிட்ஜில் இருக்கும் மாவுத் தூக்குதான் அது. ஞாயிறு மாலை அரைத்துவிட்டால் வியாழன் வரை டிபனுக்குக் கவலை இல்லை.

1 கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். 4 மணி நேரம் ஊறினால் போதும். உளுந்தைத் தனியாக, தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும்; அதுதான் பதம். மிக்ஸியில் மாவு சூடேறிவிடும், இதற்குக் கிரைண்டர் கல்தான் சரி. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. அரிசியையும் அரைத்து உளுந்து மாவோடு சேர்த்து, உப்புப் போட்டுக் கையால் கரைத்து இரவு முழுக்க வெளியே வைத்தால், காலையில் பொங்கி நிற்கும்.

அதன்பின் அட்டவணை போடுவது புளிப்பு. முதல் நாள் இட்லி. அடுத்த இரண்டு நாள் தோசை. நன்றாகப் புளித்ததும் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் தூவி ஊத்தப்பம். அடியில் மிஞ்சியதில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் குழிப்பணியாரம். ஒரு கரண்டி மாவுகூட வீணாகாது. புளிப்பைக் கெடுதலாக நினைக்காமல் அடுத்த பலகாரமாக மாற்றிய அந்தக் கைப்பக்குவத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

வீட்டில் அரைத்தால் செலவும் கடை மாவைவிடக் குறைவு. ஒன்றே ஒன்று: இந்த வேலையை அம்மா ஒருவர் தலையில் கட்டாதீர்கள். ஊறப்போடுவதும் கிரைண்டர் கழுவுவதும் வீட்டில் எல்லோருக்கும் முடிகிற வேலைதான்.